ஃபில் ஜெயிப்பான்

என் வீட்டுக்காரர் ஆர்வில் ஜாடின் வாயைத் திறந்தால் எங்கள் நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். நாயைக் குறை சொல்ல மாட்டேன். எழுந்து போக அதற்கு இடமிருக்கிறது, எனக்கு இல்லை. அதனால் நாற்பத்தொரு வருடமாக "ம்" கொட்டியே காலத்தை ஓட்டிவிட்டேன். நான் ஒரு "ம்" போட்டால் அவர் கால் மணி நேரம் பேசுவார்.

கெட்ட வார்த்தை பேசுகிறவர் இல்லை, பொய் சொல்கிறவரும் இல்லை. எதையும் ஆதியிலிருந்து சொல்கிறவர், அவ்வளவுதான். கழிவறைக் குழாய் சொட்டுகிறது என்பதைச் சொல்ல, அந்தக் குழாயைச் செய்த கம்பெனி முதலில் எந்த ஊரில் இருந்தது என்பதில் ஆரம்பிப்பார். அவர் குழாய்க்கு வந்து சேர்வதற்குள் தரை நனைந்திருக்கும். தேவாலயக் கூட்டத்தில் அவர் கையைத் தூக்கினாலே தலைவர், "சரி, அடுத்த விஷயம்" என்பார். என் தம்பி லைல் இன்னும் மோசம். அவர் பாதியில் இருக்கும்போதே மீதியை அவன் சொல்லி முடித்துவிடுவான். ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

மார்ஷோ கார்னர்ஸ் என்கிற சின்ன ஊரில் எங்களுக்கு ஒரு பௌலிங் கூடம் உண்டு. உருண்டையை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க ஆறு தடம், குடிக்க ஒரு கவுண்டர், வெள்ளிக்கிழமையானால் பொரித்த மீன். வளைகுடா பக்கத்திலேயே இருக்கிறது. கிரீன் பே நகரம் அரை மணி நேரம். அந்த ஊர் அணிதான் எங்கள் அணி, பந்தைக் கையால் வீசி ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து. அது ஏதோ ஒரு பணக்காரனுடையது இல்லை, ஊர் மக்களுடையது. ஆர்விலுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. விற்க முடியாது, லாபம் வராது, ஓசி டிக்கெட்டும் கிடையாது. ஆனாலும் கண்ணாடி போட்டு கவுண்டருக்கு மேல் மாட்டியிருக்கிறார். அந்தச் சட்டத்தைத் துடைக்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் எங்கள் ஜில்லாவின் தீர்க்கதரிசி ஆனதற்குக் காரணம் சாலையோரத்தில் நிற்கும் எங்கள் போர்டு.

சக்கரம் வைத்த போர்டு அது. வரி வரியாகத் தடம் ஓடும், அதில் கறுப்பு பிளாஸ்டிக் எழுத்துகளைச் சொருக வேண்டும். 'இன்று மீன்', 'புதன் லீக்' என்று மாற்றி மாற்றிப் போடுவோம். ஆர்வில் எதையும் புதிதாக வாங்குகிற ஜாதி இல்லை. பூட்டப்பட்ட ஒரு தேவாலயத்தின் ஏலத்தில் அதைப் பிடித்தார். எழுத்துகளும் அதோடு ஒரு ஊறுகாய் வாளியில் வந்தன. கடவுளின் பெயருக்கு வேண்டிய எழுத்தெல்லாம் ஏராளம், மீனுக்கு வேண்டியது மட்டும் தட்டுப்பாடு.

போதாக்குறைக்கு டிசம்பர் காற்று. வளைகுடாவிலிருந்து புறப்பட்டு வந்து பாதி எழுத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். அவை பள்ளத்தில் விழுந்து, பனிக்கடியில் புதைந்து, ஏப்ரலில்தான் தலை காட்டும். "வேற வாங்கேன் ஆர்வில்" என்பேன். "எதுக்கு? ஏப்ரல்ல தன்னால கெடைக்கப்போவுது" என்பார்.

முதல் வருடம் ஜனவரியில், தோற்றால் வெளியே என்கிற பிளேஆஃப் சுற்று தொடங்குகிற வாரம், 'கிரீன் பே ஜெயிக்கும்' என்று போடத்தான் அவர் வாளியோடு போனார். பி இல்லை, ஒய் இல்லை. இ ஒன்றுதான் இருந்தது. குளிரில் விரல் விறைத்துப்போய் வாளியைத் துழாவியவருக்குக் கையில் கே ஒன்றும் சி ஒன்றும் அகப்பட்டன. கன்சாஸ் சிட்டிக்கு இரண்டே எழுத்து போதும். போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்து அடுப்பருகில் குளிர் காய்ந்தார். அந்த வருடம் கன்சாஸ் சிட்டி சாம்பியன்.

அடுத்த ஜனவரியில் கே-யைக் காணோம். டாம்பா என்று போடத்தான் எழுத்து தேறியது. டாம்பா ஜெயித்தது. மூன்றாம் வருடம் வாளியில் கிடந்தது எல்லும் ஏ-யும். லாஸ் ஏஞ்சலிஸ் ஜெயித்தது. நாலாம் வருடமும் ஐந்தாம் வருடமும் கே, சி. இரண்டு தடவையும் பலித்தது.

ஐந்துக்கு ஐந்து. அதற்குப் பிறகு ஊரில் அவர் மதிப்பே வேறு. தேவாலயத்தில் முன்வரிசையில் இடம். கோடைத் திருவிழாவில் முந்நூறு பேருக்கு பூயா சூப் காய்ச்சும் அண்டாவில் துடுப்பு பிடிக்கிற கௌரவம் என் அப்பாவுக்கே கிடைத்ததில்லை, இவருக்குக் கிடைத்தது. கூட்டத்தில் அவர் கை தூக்கினால் தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். குழாய் செய்த கம்பெனியின் கதையை மொத்த ஊரும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கேட்டது. எனக்கு வயிறெரிந்தது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் மனுஷர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக அவர் பேசுவதை யாரோ கேட்கிறார்கள்.

ஐந்தாவது பலித்ததும் டிவிக்காரர்கள் வந்தார்கள். மைக்கோடு ஒரு சின்னப் பெண்.

"உங்க ஆய்வு முறை என்ன சார்? எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

ஆர்விலுக்குப் பொய் வராது.  "என்ன கெடைக்குதோ அத வெச்சுத்தாம்மா" என்றார்.

அந்தப் பெண் கேமராவின் பக்கம் திரும்பி, கிடைத்த தகவல்களை மட்டுமே வைத்து முடிவெடுக்கும் நேர்மையான ஆய்வாளர் இவர் என்று சொன்னாள். ஊர் கைதட்டியது. சமையலறையில் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஆறு நோட்டு வாங்கி வந்தார். "ஊரே நம்புது வெர்னா. நான் வாளியில கைய விட்டவன். ஒரு வருஷமாவது உண்மையா செஞ்சு காட்டணும்" என்றார். இந்த ஒரு பேச்சை நான் முழுசாகக் கேட்டேன், ஏனென்றால் சின்னதாக இருந்தது.

செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. மனுஷர் எல்லா அணிகளின் ஆட்டங்களையும் பதிவு செய்து வைத்துக்கொண்டு பார்த்தார். அதுவும் எப்படி? டிவியின் மேல்பாதியில் அட்டையை ஒட்டி மறைத்துவிட்டு. பந்து கண்ணில் பட்டால் புத்தி பந்தின் பின்னாலேயே போய்விடுமாம். கீழ்ப்பாதியில் குனிந்து நிற்கும் ஐந்து தடியர்களை மட்டும் பார்ப்பார். பந்து வீசுகிறவனை யாரும் சாய்க்காமல் காப்பது அவர்கள் வேலை. அந்த ஐந்து பேரின் பின்பக்கம்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வரவேற்பறையில் ஓடியது. வந்த விருந்தாளிகள் சீக்கிரமே எழுந்து போனார்கள்.

அக்டோபரில் அவர் முடிவுக்கு வந்துவிட்டாராம். சாப்பிடும்போது சொன்னார், காரில் சொன்னார், நான் துணி மடிக்கும்போது சொன்னார். நான் "ம்" என்றேன்.

இப்போது ஆறாம் வருட ஜனவரிக்கு வருகிறேன். ஆறு நோட்டும் நிரம்பி அவர் கண்ட முடிவு பிலடெல்பியா. இதில் இரண்டு சிக்கல். ஒன்று, பிளேஆஃபின் முதல் ஆட்டமே எங்கள் கிரீன் பே பையன்கள் பிலடெல்பியாவுக்குப் போய் அவர்களோடுதான் மோத வேண்டும். எங்கள் ஊரில் எதிரணி ஜெயிக்கும் என்று போர்டு போடுவது அம்மாவை ஏலம் விடுகிற மாதிரி. அதுவும் பங்கு வைத்திருக்கும் முதலாளியே போடுவது. இரண்டாவது சிக்கல், அந்த ஊர்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து. வாளியில் பி ஒன்று, ஹெச் ஒன்று, எல் ஒன்று. ஏ அத்தனையும் பனிக்கடியில்.

அட்டையில் எழுதி ஒட்டிப் பார்த்தார். அந்தக் குளிரில் பசை பிடிக்கவில்லை. கடைசியில் 'ஃபில்' என்று நாலெழுத்தைச் சொருகி, பக்கத்தில் ஜெயிப்பதற்கான எழுத்துகளையும் போட்டுவிட்டு வந்தார். பிலடெல்பியாவை அந்த ஊர்க்காரர்களே சுருக்கித்தான் கூப்பிடுகிறார்கள், பச்சைக் குழந்தைக்கும் புரியும் என்று நினைத்திருக்கிறார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கூட்டம் நெரிந்தது. மாவில் கையை விட்டிருந்தேன். பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்.

"வெர்னாக்கா, போர்டுல ஃபில்லுன்னு போட்ருக்கே, யாரு அது?"

எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை.

"வேற எந்த ஃபில்லு? பால்வண்டி ஃபில்லுதான்."

"எதுல ஜெயிக்கப்போறான்?"

"இந்த ஊர்ல பிப்ரவரியில வேற என்ன கெடக்கு? மீன் போட்டிதான். ரொட்டி வேணுமா வேணாமா?"

முடிந்தது கதை. தீர்க்கதரிசியின் பெண்டாட்டி சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

ஃபில் வான்டர்ட்டி எங்கள் பக்கம் பால் லாரி ஓட்டுகிறவன். ஐம்பத்தெட்டு வயது, பிறந்ததிலிருந்து எதிலும் ஜெயித்ததில்லை. ஒரு தடவை தேவாலயக் குலுக்கலில் மொத்தம் இருந்த எண்பது சீட்டில் அறுபதை இவனே வாங்கினான். பரிசு பக்கத்தில் நின்றவனுக்குப் போயிற்று. உறைந்த வளைகுடாமேல் வருடாவருடம் நடக்கும் மீன்பிடிப் போட்டியில் அவன் தன் கூடாரத்துக்குள் தூங்கி விழித்துவிட்டு வீடு திரும்புவான். அப்படிப்பட்டவன் முதுகை அன்று நாற்பது பேர் தட்டினார்கள். பயந்துபோய் நேராக ஆர்விலிடம் வந்தான்.

"அண்ணே, ஜெயிக்கறது நெசந்தானா?"

"நாலு மாசமா பாத்துட்டேன் ஃபில்லு. சந்தேகமே வேணாம்."

"எத வெச்சுண்ணே சொல்றீங்க?"

"எல்லாம் கீழ்ப்பக்கந்தான். இடுப்புக்குக் கீழ அப்படி ஒரு பலம். நாலு பேர் சேந்து தள்ளினாலும் நகராது."

ஃபில் தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு இரண்டு தட்டு மீன் வாங்கிச் சாப்பிட்டான்.

ஆர்வில் அன்று மாலை முழுக்கக் கோட்டைக் கழற்றாமல் வாசல் பக்கமே நின்றிருந்தார். அடிக்க வந்தால் ஓடுவதற்கு. ஒருவரும் முறைக்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பையன்கள் பிலடெல்பியாவிடம் தோற்றார்கள். கூடம் இழவு வீடாக ஆயிற்று. லைல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான். அப்போதும் ஆர்விலை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

படுக்கப் போகும்போது அவர் சொன்னார். "நம்ம ஊர்க்காரங்க பெரிய மனசுக்காரங்க வெர்னா. நம்ம டீமே தோத்தும் ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கல."

"ம்" என்றேன்.

மீன் போட்டி இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. வழக்கமாகத் தொண்ணூறு பேர் வருவார்கள். அந்தத் தடவை பதினொருவர். மற்றவர்கள், "எழுதிப் போட்டாச்சு, அப்புறம் எதுக்கு அந்தக் குளுர்ல போய் நிக்கணும்?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஃபில் போக மீதிப் பத்துப் பேரும் அவனுக்கு நல்ல இடத்தை விட்டுக்கொடுத்தார்கள், அவன் தூங்கிவிடாமல் முறை போட்டு எழுப்பினார்கள். ஃபில் ஒரு மீன் பிடித்தான். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. முதல் பரிசு, பனிக்கட்டி துளைக்கும் இயந்திரம். அதைக் கட்டிக்கொண்டே எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தான்.

மறுநாள் இறுதி ஆட்டம். அதே கன்சாஸ் சிட்டியைப் பிலடெல்பியா அடித்துத் துவைத்துத் தொங்கப் போட்டது. ஆட்டம் முடிவதற்கு முன்பே ஆர்வில் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, ஆறு நோட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றார். தலையைக்கூடச் சீவியிருந்தார்.

லைல்தான் முதலில் திரும்பினான். "என்ன மச்சான், இந்த வருசம் சாம்பியன் யாருன்னு நீ போடவே இல்லயே? கிரீன் பே தோத்த வருத்தமா?"

"போட்டேனே. போர்டுல இருக்கே."

"அது ஃபில்லுல்ல? அதான் நேத்தே பலிச்சிடுச்சே."

"அது பிலடெல்பியா, லைல். எழுத்து பத்தல."

கூடம் வெடித்துச் சிரித்தது. "பாருங்கப்பா, ஒரே கல்லுல ரெண்டு மாங்காயாம்" என்று லைல் கவுண்டரைத் தட்டினான். "மீனையும் நான்தான் சொன்னேன், ஆட்டத்தையும் நான்தான் சொன்னேங்கறாரு."

ஆர்விலுக்குக் காது சிவந்தது. "மீன நான் சொல்லவே இல்ல. நான் ஃபில்லப் பத்தி நெனச்சதுகூட இல்ல. கேளுங்க, முன்ன அஞ்சு வருசமும் சொன்னதுதான் பொய். எழுத்து இல்லாம, கெடைச்சத எடுத்து மாட்டினேன். இந்த வருசந்தான் நெசமா ஒக்காந்து பாத்தேன். இந்த நோட்டுல இருக்கு."

"அடக்கத்தப் பாரு மனுசனுக்கு" என்றார் தேவாலயக் கூட்டத் தலைவர். "அஞ்சு வருசம் சும்மா மாட்டினது பலிக்குமா? யாருகிட்ட சொல்ற?"

ஃபில் மட்டும் இயந்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப இடுப்புக்குக் கீழன்னு சொன்னது என்னப் பத்தி இல்லயாண்ணே?" என்று கேட்டான்.  

ஆர்வில் என் பக்கம் திரும்பினார். "வெர்னா, நீ சொல்லு. அக்டோபர்லேருந்து ஒங்கிட்டதான சொல்லிட்டிருக்கேன். பிலடெல்பியான்னு சொன்னேனா இல்லயா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொல்லியிருப்பார். நூறு தடவை சொல்லியிருப்பார். ஆனால் ஒரே ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், சின்னப் பொய்தான். எப்போதும் முந்திக்கொண்டு வரும் என் நாக்கு அன்று அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "சரி" என்று சொல்லிவிட்டு, நோட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கோபமில்லை. உப்பு எடு, கதவைச் சாத்து என்கிற அளவுக்குப் பேசினார். குழாய் சொட்டியபோது, "குழாய் சொட்டுது" என்று இரண்டே சொல்லில் சொன்னார். எனக்குப் பகீரென்றது. திங்கள், செவ்வாய், புதன். "ம்" சொல்வதற்கு வாயைத் திறந்து திறந்து மூடினேன். நாய் அவர் காலடியிலேயே கிடந்து நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தது. நாற்பத்தொரு வருடம் எதை நிறுத்த மாட்டாரா என்று ஏங்கினேனோ, அது நின்றதும் வீடு வீடாகவே இல்லை. வெட்கமாகவும் இருந்தது. ஊர் கேட்காததற்கு ஊரைத் திட்டலாம். பக்கத்தில் படுத்திருந்தவள் கேட்காததற்கு யாரைத் திட்டுவது?

வெள்ளிக்கிழமை வந்தது. முன்பக்கம் கூட்டம் நெரிந்தது. நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னால் போனேன். கட்டைகளை நிமிர்த்தும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லு" என்றேன்.

"எத?"

"பிலடெல்பியா ஏன்னு."

"முன்னால ஆளுங்க நிக்கிறாங்க வெர்னா."

"நிக்கட்டும். மொதல்லேருந்து சொல்லு."

சந்தேகத்தோடுதான் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் கிடந்த கடுகு பாட்டில், கெட்ச்அப் பாட்டில், இன்னும் மூன்று பாட்டில்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். இவன் இடது ஓரம், இவன் காலைக் கொஞ்சம் பின்னால் வைப்பான், ஏன் என்றால் அவன் சின்ன வயதில் வேறு ஆட்டம் ஆடியவன் என்று ஆதியிலிருந்தே ஆரம்பித்தார். அரை மணி ஆயிற்று. மூன்றாவது பாட்டிலுக்குத்தான் வந்திருந்தார். நான் ஒரு "ம்" கூடச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இந்த அஞ்சு பேரும் பந்தத் தொடவே மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

சட்டென்று நின்றுவிட்டார். நடுவில் புகுந்து கேள்வி கேட்கிற ஆளை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"மாட்டாங்க. ஜெயிச்சா, பந்து போட்டவனத் தோள்ல தூக்கிட்டு ஓடுவாங்க. இவங்க பின்னால நடந்து வருவாங்க."

"அப்ப இவங்க நல்லா ஆடினாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"பாத்தாத் தெரியும்" என்றார். "பாக்கணும், அவ்ளோதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. கதவை உதைத்துக்கொண்டு லைல் தலையை நீட்டினான்.

"அக்கா, மீன் என்னாச்சு? அம்பது பேரு தட்ட வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

"மீன் கெடையாது. ரொட்டியத் தின்னுட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு."

"வெள்ளிக்கெழமையில மீன் கெடையாதா?" தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாராவது செத்துட்டாங்களா?"

"கதவச் சாத்துடா."

சாத்தினான். நான் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாலாவது பாட்டிலைக் காட்டினேன்.

"இவனுக்கு முட்டி வலின்னா யாரப் போடுவாங்க ஆர்வில்?"